எதிர்வீட்டுச் சேவல்

சாரம் பகுதியில் அந்தத் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எந்தப் பக்கமாக வரும் என்று சொல்லிக்கொடுக்கிற கையோடு மணியம்மாளின் சபதத்தையும் சொல்லிவிடுவார்கள். "எதிர் வூட்டுப் பக்கம் என் கண்ணு திரும்பாது. திரும்புச்சின்னா என்ன ஏன்னு கேளுங்க" என்று நடுத்தெருவில் நின்று அவள் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து தெரு கேட்பதற்காகவே காத்திருந்தது.

எதிர் வீடு அந்நியர் வீடு ஒன்றும் இல்லை. மணியம்மாளின் கணவர் சாமிக்கண்ணுவின் தம்பி வீடு. தம்பி மனைவி சின்னப்பாப்பா. ஓரகத்திகள் இருவரும் ஒரு காலத்தில் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே மாமியாரைத் திட்டியவர்கள். டிவியில் வருகிற மாமியாரைத்தான் சொல்கிறேன். நிஜ மாமியாரைத் தனித்தனியாகத் திட்டினார்கள்.

அவர்களைப் பிரித்தது ஒரு அருவி.

சின்னப்பாப்பாவின் மகள் கல்யாண ஆல்பத்தைச் செய்தவன் கம்ப்யூட்டரில் கைதேர்ந்தவன். திருமண மண்டபத்தில் வியர்த்துக் கொட்டிய மாப்பிள்ளையையும் பெண்ணையும் பனிமலையில் நிற்கவைத்தான். அடுத்த பக்கத்தில் ஈபிள் கோபுரத்தடியில் நிற்கவைத்தான். அதற்கடுத்த பக்கத்தில்தான் குடும்பத்தார் வரிசையாக நின்ற படம். வரிசையின் ஓரத்தில், அரக்குப் பட்டும் அட்டிகையுமாக நின்ற மணியம்மாளைக் காணோம். அவளிருந்த இடத்தில் அருவி ஒன்று கொட்டிக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு அருவிக்குப் பக்கத்தில், நனையாமல், சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஆல்பம்காரன் பண்ணதுக்கு நான் என்னக்கா பண்றது? பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு" என்றாள் சின்னப்பாப்பா. முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.

சபதத்தை மணியம்மாள் அப்பழுக்கில்லாமல் காப்பாற்றிவந்தாள். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். காலையில் வாசல் தெளிக்கும்போது எதிர் வீட்டு ஜன்னல் திரை ஆடுகிறதா, ஆடவில்லையா என்று ஒரு நொடி கவனிப்பாளே, அதை அவள் கணக்கில் சேர்த்ததில்லை. அது பார்ப்பதாகாது. நம்மைப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்வது.

இப்படியே போயிருக்கும், அவள் வீட்டு மாடிக்குக் கவிநிலா குடிவராமல் இருந்திருந்தால்.

கவிநிலாவுக்குக் கார்ட்டூன் வேலை. சும்மா வரைகிற வேலை இல்லை. நிஜமாக எடுத்த வீடியோவுக்குள் வரைந்த பொம்மையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். மனிதர் நிஜமாக இருப்பார், பக்கத்தில் பேசுகிற யானை பொம்மையாக இருக்கும், இரண்டும் ஒரே வெயிலில் நிற்கிற மாதிரித் தெரியும். கேமராவுக்கு நெல்சன் என்று ஒரு ஆள், பிள்ளைச்சாவடியிலிருந்து பைக்கில் வருவான். அவன் மாடிப்படி ஏறுகிற சத்தத்தைக் கேட்டுத் தெரு முதலில் வேறு கதை கட்டிப் பார்த்தது. இருவரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தே சண்டை போடுவது தெரிந்ததும் அந்தக் கதை சுவாரசியம் இல்லாமல் செத்துப்போனது.

அவர்களுக்கு உழவர்கரையில் இட்லி மாவு கம்பெனி நடத்தும் ஹரிகிருஷ்ணன் ஒரு விளம்பரம் கொடுத்தார். பாக்கெட்டில் சேவல் படம் போட்ட மாவு. அந்தச் சேவல் உயிரோடு வந்து, மாவரைக்க எழுந்திருக்கச் சொல்லிக் கூவ வேண்டும். வீட்டுக்கார அம்மா அதை விரட்ட வேண்டும். ஹரிகிருஷ்ணன் முதலில் கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவருக்கு முன்னால் எடுக்கத்தான் ஆசைப்பட்டார். அங்கே ஒவ்வொரு மஞ்சள் சுவருக்கும் ஒரு கல்யாண ஜோடி வரிசையில் நின்றது. சேவலை விரட்டுகிற அம்மாவுக்கு இடமில்லை. கவிநிலா சாரத்துக்கே கேமராவைக் கொண்டுவந்தாள். விரட்டுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. காய்கறி வண்டிக்காரனை மணியம்மாள் விரட்டுவதை அவள் தினமும் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"டிவில வருமா?" என்று கேட்டாள் மணியம்மாள்.

"லோக்கல் சேனல்ல வரும் ஆன்ட்டி. போன்லயும் வரும்."

"போன்ல வந்தா எல்லார் வூட்லயும் வரும்?"

"எல்லார் வூட்லயும்."

எல்லார் வீடு என்று அவள் எந்த வீட்டைச் சொன்னாள் என்பது தெருவுக்குத் தெரியும்.

படப்பிடிப்பு அன்று அரக்குப் பட்டையே எடுத்துக் கட்டினாள். மாவு பாக்கெட்டைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். வாசலின் கீழ்ப்படியில் நெல்சன் ஒரு கம்பை நட்டான். அதன் நுனியில் மஞ்சள் பந்து.

"இதுதான் சேவல் ஆன்ட்டி. இதப் பாத்துத்தான் பேசணும்" என்றாள் கவிநிலா.

"பந்துக்கு ஏதுடி கொண்ட?"

"கொண்டய நான் அப்பறம் போட்டுக்குவேன். எடுக்கும்போது கம்ப எடுத்துடுவோம். பந்து இருந்த எடத்த மனசுல வெச்சிகினு அங்கியே பாருங்க. கண்ணு மாறக்கூடாது. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம். கண்ணுதான் கஷ்டம்."

"என் கண்ணு மாறாதுன்னு இந்தத் தெருவே சொல்லும்" என்றாள் மணியம்மாள்.

கம்பை எடுத்தார்கள். தெருவே கூடி நின்றது. அவள் வெறும் படியைப் பார்த்து, இடுப்பில் கைவைத்து, "கூவாத, போ. மாவரைக்க எழுந்த காலமெல்லாம் போச்சு. பாக்கெட்டு வாங்கியாச்சு" என்றாள். பூக்கட்டிக்கொண்டிருந்த ராஜாம்பாள் தெருமுனையிலிருந்து கைதட்டினாள். நெல்சன் இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்தான். ஒவ்வொரு முறையும் குரலில் காரம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

மறுநாள் மாலை கவிநிலா அவளை மாடிக்குக் கூப்பிட்டாள். சாமிக்கண்ணுவும் கூடவே ஏறினார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் அப்பார்ட்மென்ட் ஒன்றில் வாட்ச்மேன். கேமராவில் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்ப்பதே வேலை என்பதால், திரை எங்கே இருந்தாலும் போய் நிற்பார்.

திரையில் சேவல் வந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கொழுத்த சேவல். மணியம்மாள் வீட்டுப் படியில், அவள் வாசல் வெயிலில், நிழலோடு நின்றது. இறக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூவியது. மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு திரையில் அவளே பேசினாள். சேவல் கீழே நின்றது. அவள் கண் சேவலின் கொண்டைக்கு மேலே, தெருவுக்கு மேலே, எங்கேயோ இடதுபக்கமாகப் போய் நின்றது. பேச்சின் முதல் சொல்லுக்குப் படியில் இருந்த கண், இரண்டாவது சொல்லுக்கு அங்கே போய்விட்டது. கடைசிவரை திரும்பவே இல்லை.

"சேவலுக்குச் சொல்ற மாதிரி இல்லியே ஆன்ட்டி. வேற யாருக்கோ சொல்ற மாதிரி இருக்கு."

"வெயிலு. கண்ணு கூசுச்சு."

"வெயிலு உங்க பின்னாடிதான் ஆன்ட்டி இருந்துச்சு."

எடுத்தது எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கண் அதே இடத்துக்குப் போனது. சாமிக்கண்ணு முகவாயைத் தடவினார். "அங்க இன்னா இருக்கு? லைட் கம்பம் ஒண்ணு. அதத் தாண்டினா…" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு லைட் கம்பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

திரும்ப எடுத்தார்கள். இந்த முறை கம்புக்குப் பதிலாகப் படியில் சாமிக்கண்ணுவை உட்காரவைத்துப் பந்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிடலாமாம். "என்னையும் அருவியாக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். மணியம்மாள் பாதி வசனம்வரை புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சேவல் அங்கேயே பொசுங்கியிருக்கும். மீதிப் பாதிக்கு எதிர் வீட்டு ஜன்னல் திரை லேசாக ஆடியது. போச்சு.

கவிநிலா வேறு வழி பார்த்தாள். மணியம்மாளின் கண்மணிகளை மட்டும் கம்ப்யூட்டரில் கீழே நகர்த்தி வைத்தாள். இப்போது திரையில் மணியம்மாள் சேவலைத்தான் பார்த்தாள். ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மை எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்தாள்.

"இதுவே நல்லாருக்கு. இதையே போடு" என்றாள் மணியம்மாள். குரலில் நல்லாயிருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

ஹரிகிருஷ்ணன் வந்து பார்த்தார். "என் மாவச் சாப்ட்டு அந்தம்மாவுக்கு என்னமோ ஆயிட்ட மாதிரி இருக்கேம்மா" என்றார். முதலில் எடுத்ததைப் போடச் சொன்னார். பார்த்து முடித்துவிட்டு, "இதுல பார்வ நல்லாத்தான இருக்கு? அவங்க பாக்கற எடத்துக்கே சேவலக் கொண்டுபோயேன். அவங்கள எதுக்கு மாத்துற?" என்றார்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாள் காலை மணியம்மாள் மீன் வாங்க நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், கவிநிலா தெருவைக் கடந்துபோய்ச் சின்னப்பாப்பாவின் இரும்பு கேட்டைத் தட்டினாள். கேட்டை ஒரு தடவை வெறுமனே படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்று அனுமதி கேட்டாள்.

"என் கேட்டு எதுக்கு? தெருவுல கேட்டே இல்லியா?" என்றாள் சின்னப்பாப்பா.

கவிநிலாவுக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது துல்லியமாகத் தெரியும். தெருவில் எதைச் சொல்லக்கூடாது என்பது தெரியாது. "மணி ஆன்ட்டி பார்வ இங்கதான் வருது ஆன்ட்டி. எல்லாத்துலயும் இங்கதான். அதான் சேவல இங்க வெக்கறோம்" என்றாள்.

சின்னப்பாப்பா கேட்டை முழுக்கத் திறந்துவிட்டாள். பிறகு அவள் சொன்னது ராஜாம்பாள் வரைக்கும் கேட்டது: "அக்கா எப்பவும் அப்படித்தாம்மா. எம்பொண்ணு கல்யாணத்துலயும் ஃபோட்டோக்காரன் இங்க பாருங்க, இங்க பாருங்கன்னு கத்தறான். எல்லாரும் கேமராவப் பாக்கறோம். அவங்க மட்டும் பந்தியில சாம்பார் ஊத்தறவன மொறச்சிகினு நிக்கறாங்க. வாய வேற தெறந்துகினு. எடுத்த படம் அத்தனையிலயும் அப்படியே. ஆல்பம்காரன் பாத்தான், அருவிய விட்டுட்டான்."

மணியம்மாள் மீன்பையோடு தெருவுக்குள் நுழைந்தபோது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ராஜாம்பாள் பூக்கட்டும் நாரைப் பல்லில் கடித்தபடியே, "என்னா மணி, கேக்கலாமா?" என்றாள்.

"எத?"

"என்ன ஏன்னு கேளுங்கன்னு சொன்னியே. அத."

மணியம்மாளுக்கு விஷயம் விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. விளங்கியதும் மீன்பையைக் கை மாற்றிக்கொண்டாள். "சேவல் அங்க போயிருக்கு. சேவல் எங்க போவுதோ அங்கதான பாக்க முடியும்?"

"நீ பாத்தப்பறம்தான மணி அது அங்க போயிருக்குது."

அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. சாமிக்கண்ணு சோற்றைக் கூடப் போட்டுச் சாப்பிட்டார். நாலு வருஷத்து மானம் ஒரு பொம்மைக் கோழியால் போகும் என்று யார் கண்டது? கவிநிலாவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா என்று யோசித்தாள். காலி பண்ணினாலும் வீடியோ கூடவே போகும். விளம்பரத்தைப் போடவே கூடாது என்று சொல்லலாம். சொன்னால், சரிதான், பார்த்தது உண்மைதான் என்று ஆகிவிடும். எதைச் செய்தாலும் ராஜாம்பாள் நாரைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்பாள். அதையெல்லாம்விட சாம்பார் விஷயம்தான் அவளைக் குடைந்தது. பந்தியில் அன்று சாம்பார் பத்தவில்லை. சின்னப்பாப்பாவின் மானம் போகக்கூடாதே என்றுதான் ஊற்றுகிறவனை முறைத்துக்கொண்டு நின்றாள். அது ஒரு படத்திலும் விழவில்லை. இதைச் சாமிக்கண்ணுவிடம் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

அன்று மாலையே நெல்சன் எதிர் வீட்டு கேட்டை எடுத்தான். வெறும் கேட் வேண்டும் என்று சொல்லியிருந்தும் சின்னப்பாப்பா மடிப்புக் கலையாத புடவையும் ஒரு முழம் கனகாம்பரமுமாக கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள போனீங்கன்னா…" என்றான் நெல்சன். "என் கேட்டு, நான் நிக்கறேன். நீ எடு" என்றாள். பால் பொங்கும் வாசனை வந்தபோது மட்டும் உள்ளே ஓடினாள். அந்த இடைவெளியில் நெல்சன் வெறும் கேட்டையும் எடுத்துக்கொண்டான்.

"பெரிய விஷயம் இல்ல ஆன்ட்டி" என்றாள் கவிநிலா, மணியம்மாளிடம். இருவரும் மாடியில் திரைக்கு முன்னால் இருந்தார்கள். "ரெண்டும் இருக்கு. அவங்க இருக்கறது இது." ஒரு பொத்தானைத் தட்டினாள். "இல்லாதது இது."

சின்னப்பாப்பா மறைந்துபோனாள். கேட், துரு, பின்னால் துளசிச் செடி. ஆள் இல்லை.

மணியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொருவாட்டி பண்ணு."

கவிநிலா பண்ணினாள். இருந்தாள், இல்லை. இருந்தாள், இல்லை. கனகாம்பரம் வந்தது, போனது. இத்தனை சுலபமா? ஒரு விரல் பட்டால் போதுமா? நாலு வருஷமாக ஆல்பம்காரனையும் சின்னப்பாப்பாவையும் சேர்த்துச் சபித்தாளே, அவர்கள் செய்தது இந்த ஒரு தட்டல்தானா?

"அருவி வெச்சிருக்கியா?" என்றாள்.

"இருக்கு ஆன்ட்டி. சின்னதா, பெருசா?"

"கல்யாண ஆல்பத்துல வெப்பாங்களே, அது மாதிரி."

கவிநிலா எதற்கு என்று கேட்காமல் வைத்தாள். சின்னப்பாப்பா வீட்டு கேட்டுக்குப் பின்னால், துளசிச் செடியை மூடிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று அருவி கொட்டியது. கேட்டின் மேல் சேவல் நின்றது. இந்தப் பக்கம் மணியம்மாள் அரக்குப் பட்டில் நின்று, கையை நீட்டி, கண்ணில் நெருப்போடு அருவியைத் திட்டினாள். கூவாத, போ. பாக்கெட்டு வாங்கியாச்சு. அருவி பாட்டுக்குக் கொட்டியது.

நாலு வருஷமும் தான் தெருவில் நின்றது இந்தக் கோலத்தில்தானோ என்று மணியம்மாளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கதவோரம் நின்ற சாமிக்கண்ணுவுக்குத் தோள் குலுங்கியது. இருமல் என்று காட்டிக்கொண்டார்.

"எடுத்துடு அத" என்றாள் மணியம்மாள்.

"அப்ப வெறும் கேட்டே வெச்சிடவா ஆன்ட்டி?"

"வெறும் கேட்ட எந்தப் பைத்தியக்காரி பாப்பா? அவளையே வை." எழுந்து படி வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். "சேவலு கேட்டு மேல வாணாம். அவ தலையில நிக்கட்டும்."

கவிநிலா நெல்சனைப் பார்த்தாள். நெல்சன் திரையைப் பார்த்தான். "பார்வ கரெக்டா அங்கதான் வருது" என்றான்.

சேவல் சின்னப்பாப்பாவின் தலையில் ஏறியது. கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் கால் ஊன்றி, இறக்கையை விரித்துக் கூவியது. ஹரிகிருஷ்ணன் போனில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தலை அவருடையது இல்லையே. கேட்டுக்காரியைக் கேட்காமல் வெளியே விட முடியாது என்று நெல்சன் சொன்னான். கவிநிலா திரும்பவும் தெருவைக் கடந்தாள். இந்த முறை தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மணியம்மாள் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால், கதவிடுக்கில், பார்க்காமல் நின்றாள்.

சின்னப்பாப்பா போனை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தாள். கிட்டப் பிடித்துப் பார்த்தாள். ராஜாம்பாள் பூவை மடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"யார் வெக்கச் சொன்னது?"

கவிநிலா பதில் சொல்லவில்லை. இந்தத் தெருவில் குடியிருந்து இவ்வளவாவது கற்றிருந்தாள்.

"நல்லால்ல" என்றாள் சின்னப்பாப்பா. "இவ்ளோ பெரிய சேவலு தலையில ஏறி நிக்குது, நான் பாட்டுக்கு நேரா நிக்கறேன். கழுத்து ஆட வாணாமா? பூ நசுங்க வாணாமா? பாக்கறவன் பொம்மைன்னு சொல்லிட மாட்டான்?"

கவிநிலாவின் முகம் சிவந்தது. சொன்னது சரி. வெயிலைச் சரி பார்த்தவள், நிழலைச் சரி பார்த்தவள், கனத்தை விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை திரும்பவும் கேமரா. சின்னப்பாப்பாவின் தலையில் நிஜமாகவே கனமாக எதையாவது வைத்து எடுப்பது, பிறகு அந்தக் கனத்தை அழித்துவிட்டுச் சேவலை வைப்பது என்று முடிவாகியிருந்தது. துண்டில் சுற்றிய மாவு பாக்கெட்டுகள் தயாராக இருந்தன. நெல்சன் வைக்கப்போனான். "பூ வெச்ச தல, ஆம்பள கை படக்கூடாது" என்றாள் சின்னப்பாப்பா. கவிநிலா இரண்டு கையாலும் வெள்ளை அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பிக்கொண்டிருந்தாள். "யாராவது பொம்பளைங்க வந்து வையுங்க" என்றாள் சின்னப்பாப்பா, பொதுவாக, தெருவைப் பார்த்து.

தெருவில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஒருத்தியும் அசையவில்லை. ராஜாம்பாள் பூக்கட்டுவதில் திடீரென்று அக்கறை காட்டினாள்.

மணியம்மாள் படியிறங்கினாள். மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்த அகலத் தெருவைக் கடக்க ஒருத்திக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதிகமாகத் தெரிந்தது. தலையில் மூட்டை வைப்பதென்றால் தலையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பார்த்தாள். வகிடு அகன்றிருந்தது. நரையும் கூடியிருந்தது. கனகாம்பரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மூட்டையை இறக்கினாள்.

"கனமா இருக்கா?"

"இருக்குதுக்கா."

"இருக்கட்டும்."

"அன்னிக்கு சாம்பார் பத்தலியாக்கா?"

"பத்தல."

"ஆன்ட்டி, தலைய ஆட்டாதீங்க. ஓடுது" என்றான் நெல்சன். "மணி ஆன்ட்டி, உங்க கை ஃப்ரேம்ல வருது. பரவால்ல, மூட்டய விட்டுடாதீங்க. அப்பறம் கைய அழிச்சிடலாம்."

சின்னப்பாப்பா தலையை ஆட்டாமல், உதட்டை மட்டும் அசைத்து, "கைய அழிச்சிடாதப்பா. அப்பறம் அதுக்கொரு நாலு வருஷம் ஆவும்" என்றாள்.

விளம்பரம் இப்போது எல்லார் போனிலும் வந்துவிட்டது. கழுத்து ஒடிய சின்னப்பாப்பா நிற்கிறாள். தலையில் சேவல் ஏறி நின்று கூவுகிறது. எதிரிலிருந்து மணியம்மாள் பார்க்கிற பார்வையில் சேவலே ஒரு காலை மாற்றி வைக்கிறது. சேவலின் வாலைப் பிடித்த மாதிரி ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை தெரியும். அது யாருடைய கை, எதற்கு அங்கே இருக்கிறது என்று ஹரிகிருஷ்ணன் கேட்டிருக்கிறார். கவிநிலா மழுப்பிவிட்டாள். தெருவில் கேட்டிருந்தால் ராஜாம்பாளே சொல்லியிருப்பாள். அவள் சொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.